சீராகப் போன பம்பாயும் சீர் கொண்டுபோன பெண்ணும்

கேள்வி இதுதான்: பம்பாயை வரதட்சணையாகக் கொண்டுபோய் ஆங்கிலேய அரசரை மணந்த போர்ச்சுகல் இளவரசி யார்? இங்கிலாந்துக்குத் தேநீரைக் கொண்டுபோனவரும் அவர்தான் என்கிறார்களே, அது உண்மையா?

அவர் பெயர் கேத்தரின். போர்ச்சுகலின் பிரகான்சா குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸை மணந்தவர். பம்பாய் கதை உண்மை. தேநீர் கதை பாதி உண்மை. ஆனால் இந்த இரண்டையும் மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். பம்பாயை அவர் கொடுக்கவில்லை. கொடுத்தது அவருடைய தாய்வீடு. அவர் தாமாகச் செய்தவை வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1638 நவம்பர் 25 அன்று, வில்லா விசோசா என்ற ஊரின் அரண்மனையில் பிறந்தார். அப்போது அவர் அரசர் மகள் இல்லை, ஒரு பிரபுவின் மகள். 1580 முதல் போர்ச்சுகல் ஸ்பெயின் அரசரின் கீழ் இருந்தது. 1640 டிசம்பர் 1 அன்று லிஸ்பனில் நடந்த கிளர்ச்சி ஸ்பெயின் ஆட்சியை உதறியது. கேத்தரினின் தந்தை நான்காம் ஜோவாவ் என்ற பெயரில் அரசரானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயது. ஸ்பெயின் இதை ஏற்கவில்லை. போர் 28 ஆண்டுகள் நீடித்தது. போப்பும் இந்தப் புதிய அரச வம்சத்தை அங்கீகரிக்கவில்லை. 1656இல் தந்தை இறந்தபோது உயிரோடிருந்த மகன்களில் மூத்தவனான அபோன்சோ சிறுவன், உடல்நலமும் சரியில்லாதவன். தாய் லூயிசா தெ குஸ்மான் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஸ்பெயினில் பிறந்து, ஸ்பெயினை எதிர்த்தே போர் நடத்திய இந்தத் தாயைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

1659இல் பிரான்சும் ஸ்பெயினும் சமாதானம் செய்துகொண்டன. போர்ச்சுகல் தனித்து விடப்பட்டது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் மன்னராட்சி திரும்பி, இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார்: முப்பது வயது, மணமாகாதவர், கையில் காசில்லாதவர். லூயிசா பேரத்துக்கு முந்திக்கொண்டார். 1661 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. போர்ச்சுகல் தரவேண்டியவை: இருபது லட்சம் குருசாடோ (போர்ச்சுகீசிய நாணயம்), மொராக்கோ கரையில் தாஞ்சியர் துறைமுகம், இந்தியாவில் பம்பாய்த் தீவும் துறைமுகமும், பிரேசிலிலும் கீழைநாடுகளிலும் ஆங்கிலேய வணிகருக்குச் சலுகைகள். பதிலுக்கு இங்கிலாந்து படையும் கப்பலும் அனுப்பி போர்ச்சுகலைக் காக்க வேண்டும். மணமகள் தம் கத்தோலிக்க வழிபாட்டைத் தொடரலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆங்கிலேயப் படையும் சொன்னபடி போனது; 1663இல் அமெய்ஷியல் போரில் ஸ்பெயினைத் தோற்கடித்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1668இல் ஸ்பெயின் போர்ச்சுகலின் விடுதலையை ஏற்றுக்கொண்டது. கேத்தரினின் கல்யாணம் எதற்காக நடந்ததோ, அது நடந்தேறியது.

நம் பக்கத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. கொழும்பை 1656இலும், யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் 1658இலும் டச்சுக்காரர்களிடம் போர்ச்சுகல் இழந்திருந்தது. எனவே இலங்கை பற்றியும் ஒரு பிரிவு எழுதினார்கள். போர்ச்சுகல் இலங்கையை மீட்டால் காலித் துறைமுகம் இங்கிலாந்துக்கு. இங்கிலாந்து மீட்டால் கொழும்பு போர்ச்சுகலுக்கு. கறுவாப்பட்டை வணிகத்தை இருவரும் பகிர்ந்துகொள்வது. இலங்கை இருவர் கைக்கும் அப்போது வரவில்லை. ஆனால் பம்பாயை ஏன் கொடுத்தார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். மிச்சமிருந்த ஊர்களை டச்சுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற, அரபிக்கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

பம்பாய் கைமாறியது எளிதாக இல்லை. 1662 செப்டம்பரில் சர் ஆபிரகாம் ஷிப்மன் தலைமையில் ஏறத்தாழ 400 வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். கோவாவின் போர்ச்சுகீசிய ஆளுநர் அந்தோனியோ தெ மெலோ எ காஸ்ட்ரோ தீவைக் கொடுக்க மறுத்தார். அவர்கள் கொண்டுவந்த ஆணைப் பத்திரம் சரியில்லை என்றார்; பக்கத்திலிருந்த தானாவும் சால்செட்டும் சேர்ந்ததுதான் பம்பாய் என்று ஆங்கிலேயர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. இறங்க இடமில்லாத வீரர்கள் கார்வாருக்கு அருகில் உள்ள அஞ்சுதீவில் தங்கினார்கள். அங்கே காய்ச்சலும் பட்டினியும் அவர்களைத் தின்றன. ஷிப்மனும் இறந்தார். 1665 பிப்ரவரியில் அவருடைய செயலாளர் ஹம்ப்ரி குக் தீவைப் பெற்றுக்கொண்டபோது எஞ்சியவர்கள் நூறு பேர் அளவில்தான். ஆங்கிலேயர் பம்பாயில் குடியேறும் நாளில் இந்தியா நம் கையை விட்டுப் போய்விடும் என்று மெலோ எ காஸ்ட்ரோ தம் அரசருக்கு எழுதினார். அவர் கணிப்பை அன்று யாரும் காதில் வாங்கவில்லை.

இவ்வளவு பேர் செத்துக் கிடைத்த தீவு சார்லஸுக்குச் செலவாகத்தான் தெரிந்தது. 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்டு பணம், அதுவும் தங்கமாக, வாடகை என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். சென்னையில் கம்பெனி 1639லேயே காலூன்றியிருந்தாலும், அது உள்ளூர் நாயக்கரிடம் பெற்ற மானியம். பம்பாயோ ஆங்கிலேய முடியாட்சிக்கே முழு உரிமையாக வந்த மண். 1687இல் கம்பெனி தன் மேற்குக்கரைத் தலைமையிடத்தை சூரத்திலிருந்து அங்கே மாற்றியது. இதில் எதிலும் கேத்தரினின் கை இல்லை. அவர் பம்பாயைப் பார்த்ததும் இல்லை.

கல்யாணத்துக்கு வருவோம். 1662இல் சாண்ட்விச் பிரபு கப்பல் படையோடு லிஸ்பனுக்கு வந்தார். பேசிய பணத்தில் பாதிதான் தரமுடியும் என்றார் லூயிசா. அந்தப் பாதியிலும் பெரும்பகுதி பணமாக இல்லை. சர்க்கரையும் வாசனைச் சரக்குகளும் கப்பலில் ஏறின. அதை லண்டனில் விற்றுப் பணமாக்கித் தர துவார்தே த சில்வா என்ற வணிகரும் கூடவே போனார். பேசிய சீர் குறைந்தால் புகுந்த வீட்டில் பெண்ணுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் போர்ட்ஸ்மத்தில் இறங்கினார் கேத்தரின். வரவேற்க அரசர் வந்திருக்கவில்லை. சில நாள் கழித்தே வந்தார். மே 21 அன்று முதலில் கத்தோலிக்க முறையில் மறைவாகவும், பிறகு ஆங்கிலிக்க முறையில் ஊரறியவும் திருமணம் நடந்தது. மணமகளுக்கு வயது 23; ஆங்கிலம் தெரியாது.

கரையிறங்கியதும் ஒரு கோப்பைத் தேநீர் கேட்டாராம், தேநீர் இல்லாததால் பீர் கொடுத்தார்களாம் என்று ஒரு கதை உண்டு. அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் அவருக்கு முன்பே லண்டனுக்கு வந்துவிட்டது. 1658 செப்டம்பரில் ஒரு லண்டன் செய்தித்தாளில் தேநீர் விளம்பரம் வந்திருக்கிறது. சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி, அதுவரை குடித்திராத சீனப் பானம் ஒன்றைக் குடித்ததாக 1660 செப்டம்பர் 25 அன்று தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆகவே கொண்டுவந்தவர் என்று கேத்தரினைச் சொல்ல முடியாது. அவரால் நடந்தது வேறு. சீனக் கரையில் போர்ச்சுகீசியர் வசமிருந்த மக்காவ் வழியாகத் தேயிலை வந்துகொண்டிருந்த நாட்டில் வளர்ந்தவர் அவர். வீட்டில் குடித்ததை அரண்மனையிலும் குடித்தார். காப்பிக் கடையில் ஆண்கள் மருந்துபோல வாங்கிக் குடித்த பானம், சீமாட்டிகளின் வரவேற்பறைக்கு வந்தது. கவிஞர் எட்மண்ட் வாலர் அவருடைய பிறந்தநாளுக்குப் பாடிய கவிதையில், சிறந்த ராணியையும் சிறந்த மூலிகையையும் அந்தத் துணிச்சலான நாட்டுக்காரர்களுக்கே கடன்பட்டிருக்கிறோம் என்று போர்ச்சுகீசியரைப் புகழ்ந்தார். கம்பெனி 1664இல் அரசருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த தேயிலை இரண்டு பவுண்டு எடைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அன்றைய விலைக்கு அதுவே அரசருக்குக் கொடுக்கத் தகுந்த பொருள். ஏழை வீட்டுக்குத் தேநீர் போக இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. 1784இல் வரியை வெட்டிய பிறகுதான் அது எல்லோருக்குமான பானமாயிற்று.

இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தேயிலையில் இருக்கும் 'தே', சீனத்தின் புகியன் கரைப் பேச்சிலிருந்து டச்சு வணிகர் வழியே உலகம் சுற்றிய சொல். மக்காவ் பக்கத்து 'சா'வைத்தான் போர்ச்சுகீசியர் எடுத்துக்கொண்டார்கள். கேத்தரின் தம் கோப்பையை 'ஷா' என்றுதான் சொல்லியிருப்பார். கேரளத்துச் சாயாவுக்குப் பக்கத்துவீட்டுச் சொல்.

புகுந்த வீட்டில் நடந்தவைதான் அவர் வாழ்க்கையின் கனமான பகுதி. அவரோடு வந்த போர்ச்சுகீசியப் பெண்களின் அகன்ற பாவாடைச் சட்டங்களையும் மாநிறத்தையும் ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் முகம் சுளித்து எழுதியிருக்கிறார். அதைவிடப் பெரிய அடி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காத்திருந்தது. சார்லஸின் ஆசைநாயகி பார்பரா பாமர் அப்போதுதான் அவருக்கு ஒரு மகனைப் பெற்றிருந்தார். ராணியின் அந்தரங்க அறைப் பணிப்பெண்கள் பட்டியலில் பார்பராவின் பெயரை அரசரே சேர்த்தார். அந்தப் பெயரைக் கேத்தரின் அடித்துவிட்டார். பிறகு ஒருநாள் சபையில் எல்லோர் முன்னும் சார்லஸ் பார்பராவை அழைத்துவந்து அறிமுகப்படுத்தினார். முதலில் ராணிக்கு யாரென்று தெரியவில்லை. புன்னகையோடு கை கொடுத்தார். பெயர் புரிந்ததும் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது, மயங்கி விழுந்தார், தூக்கிக்கொண்டு போனார்கள். லிஸ்பனுக்கே திரும்பிப் போகிறேன் என்றார். இதில் குறுக்கே நிற்பவன் எனக்கு ஆயுள் முழுக்கப் பகைவன் என்று சார்லஸ் தம் முதன்மை அமைச்சர் கிளாரெண்டனுக்கு எழுதினார். ராணியைச் சம்மதிக்க வைக்கும் வேலையும் கிளாரெண்டன் தலையிலேயே விழுந்தது. போர்ச்சுகீசியத் தோழிகளில் பெரும்பாலோரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆதரவுக்கு ஆளில்லாத நிலையில், சில வாரங்களில் கேத்தரின் இறங்கிவந்தார். பார்பரா பணிப்பெண்ணானார். கேத்தரின் தோற்றுப்போனார் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழி தெரியாத ஊரில், கையில் எந்த அதிகாரமும் இல்லாமல், அரசரை எதிர்த்துக் கோடையின் பெரும்பகுதி நின்றவர் அவர். அதன் பிறகு தேவையற்ற சண்டைக்குப் போகாமல் தம் இடத்தைக் காத்துக்கொண்டார். பார்பரா போனார், அடுத்தடுத்து வேறு பெண்கள் வந்தார்கள். ராணியாக இருந்தவர் கடைசிவரை கேத்தரின்தான்.

1663 அக்டோபரில் அவர் சாவின் விளிம்புவரை போனார். தலையை மழித்தார்கள்; அன்றைய வைத்தியப்படி காலடியில் புறாக்களை வைத்தார்கள்; சாகும் தறுவாயில் கத்தோலிக்கர் பெறும் கடைசி அருட்சடங்கும் செய்துவிட்டார்கள். காய்ச்சல் மயக்கத்தில், தமக்கு ஆண்குழந்தை பிறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பிள்ளை அழகாக இல்லையே என்று வருந்தினாராம். பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த சார்லஸ், இல்லை, நல்ல அழகான பிள்ளை என்றார். உங்களைப்போல இருந்தால் அழகுதான் என்றாராம் கேத்தரின். பீப்ஸின் நாட்குறிப்பில் இருக்கும் செய்தி இது. இதைப் படித்தபிறகு அவரைப் பம்பாயின் பெயரோடு மட்டும் சேர்த்து நினைக்க என்னால் முடிவதில்லை.

அவர் பிழைத்தார். பிள்ளைதான் நிலைக்கவில்லை. 1666, 1668, 1669 ஆகிய ஆண்டுகளில் கருச்சிதைவு. கணவருக்கோ வெளியே ஒரு டஜனுக்குக் குறையாத பிள்ளைகள். மலடி என்ற ஏச்சு அரண்மனையிலும் தெருவிலும் கேட்டது. வேறு கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்று அரசருக்கு யோசனை சொன்னவர்கள் பலர். கடத்தி எங்காவது அனுப்பிவிடலாம் என்றுகூட பக்கிங்ஹாம் பிரபு சொன்னதாக ஒரு பதிவு உண்டு. சார்லஸ் மறுத்துவிட்டார். மனைவிக்கு உண்மையாக இருக்கத் தெரியாத அந்த மனிதர், அவரைத் தள்ளிவைக்க மட்டும் ஒப்பவே இல்லை.

சோகமாகவே வாழ்ந்தார் என்றும் நினைக்க வேண்டாம். நடனம், சீட்டாட்டம், வில்வித்தை எல்லாம் பிடிக்கும். லண்டன் வில்லாளர்கள் 1676இல் செய்த வெள்ளிக் கேடயத்துக்கு அவர் பெயர்தான். அவருடைய தேவாலயத்தில் இத்தாலிய இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். ஜோவான்னி பத்திஸ்தா திராகி அங்கே ஆர்கன் வாசித்தார். 1670இல் ஆட்லி எண்ட் என்ற மாளிகையில் தங்கியிருந்தபோது, இரண்டு சீமாட்டிகளோடு கிராமத்துப் பெண்போலச் சிவப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு பக்கத்துச் சந்தைக்குப் போனார். காதலனுக்கு என்று சொல்லி மஞ்சள் காலுறை வாங்கினார்களாம். பேச்சும் மிதமிஞ்சிய வேஷமும் காட்டிக்கொடுத்துவிட்டன. கூட்டம் கூடி, குதிரையேறி அரண்மனை வாசல்வரை பின்தொடர்ந்தது.

1678இல் வந்ததுதான் உயிருக்கே ஆபத்தான சோதனை. கத்தோலிக்கர்கள் அரசரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று டைட்டஸ் ஓட்ஸ் என்பவர் ஒரு பெரும் பொய்யைக் கட்டிவிட்டார். அந்தப் புகாரைப் பதிவுசெய்த நீதிபதி சர் எட்மண்ட் பெரி காட்ஃப்ரி அக்டோபரில் பிணமாகக் கிடந்தார். நாடு வெறிபிடித்து நின்றது. காட்ஃப்ரியைக் கொன்ற இடம் ராணியின் சாமர்செட் மாளிகைதான் என்றார்கள். அந்தக் குற்றத்துக்கு மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஓட்ஸ் நாடாளுமன்றத்தின் முன் நின்று, அரசருக்கு விஷம் வைக்க ராணியே சம்மதித்தார் என்றார். விஷம் வைக்கவிருந்தவராகச் சொல்லப்பட்டவர் ராணியின் மருத்துவர் சர் ஜார்ஜ் வேக்மன். சார்லஸ் ஓட்ஸைத் தாமே விசாரித்தார். சாமர்செட் மாளிகையில் ராணி பேசியதைக் கேட்டதாகச் சொன்ன ஓட்ஸுக்கு, அது எந்த அறை என்று காட்டத் தெரியவில்லை. பிரபுக்கள் சபையும் ராணியின் மீதான குற்றச்சாட்டை ஏற்க மறுத்தது. 1679 ஜூலையில் வேக்மன் விடுதலையானார். ஓட்ஸின் சரிவு அங்கே தொடங்கியது. அடுத்த ஆண்டு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, அரசர் விவாகரத்து செய்து மறுமணம் செய்துகொள்ளலாம் என்று சபையிலேயே பேசினார். அதையும் சார்லஸ் முறியடித்தார். முறைதவறிப் பிறந்த தம் மகன் மான்மத்தையே முறையான வாரிசு என்றவர்களுக்குப் பதிலாக, அவன் தாயைத் தாம் மணந்ததில்லை, மணந்தது கேத்தரினை மட்டுமே என்று அறிக்கையும் வெளியிட்டார். வாரிசு கொடுக்காத, வேற்று மத ராணியைக் கைவிட்டிருந்தால் அரசருக்கு அரசியலில் எத்தனையோ தொல்லை தீர்ந்திருக்கும். அவர் கைவிடவில்லை என்பது அவர் கணக்கில் எழுதவேண்டிய நன்மை. ஆனால் அந்த மதிப்பைப் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து சம்பாதித்தவர் கேத்தரின்.

1685 பிப்ரவரியில் சார்லஸ் மரணப்படுக்கையில் இருந்தார். கத்தோலிக்க மதத்தில் சேர விரும்பினார். ஆங்கிலம் பேசும் பாதிரியார் அவசரமாகத் தேவைப்பட்டார். ராணியின் பகுதியில் அடைக்கலமாக இருந்த ஜான் ஹடில்ஸ்டன் என்ற முதியவரைப் பின்படி வழியாக அழைத்துவந்தார்கள். 1651இல் வூஸ்டர் போரில் தோற்று ஓடிய சார்லஸுக்கு ஒளிய இடம் கொடுத்துக் காத்தவர்களில் ஒருவர் அவர். கேத்தரின் துக்கத்தில் நிற்கமுடியாமல் போக, தாம் ஏதாவது குறை செய்திருந்தால் மன்னிக்கும்படி ஆள் அனுப்பினார். அவளா என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், பாவம், நானல்லவா முழு மனதோடு அவளிடம் கேட்கவேண்டும் என்றார் சார்லஸ். பிப்ரவரி 6 அன்று இறந்தார்.

46 வயதில் கைம்பெண். அதே ஆண்டு மான்மத் கிளர்ச்சி செய்து பிடிபட்டபோது, தம்மை வீழ்த்தக் காரணமாகக் காட்டப்பட்ட அந்தப் பிள்ளைக்காகப் புதிய அரசர் இரண்டாம் ஜேம்ஸிடம் பரிந்து பேசினார், பலனில்லை. ஜேம்ஸைப் பதவியிலிருந்து இறக்கிய 1688 புரட்சிக்குப் பிறகு மூன்றாம் வில்லியம், இரண்டாம் மேரி ஆட்சியில் கத்தோலிக்க விதவை ராணிக்கு இங்கிலாந்தில் இருப்பு கசந்தது. 1692 மார்ச்சில் புறப்பட்டு, பிரான்சும் ஸ்பெயினும் கடந்து, 1693 ஜனவரியில் லிஸ்பன் சேர்ந்தார். முப்பது ஆண்டுக்குப் பிறகு தாய்வீடு. அப்போது அரசர் தம்பி இரண்டாம் பெத்ரோ. பெம்போஸ்தா என்ற இடத்தில் தமக்கு ஓர் அரண்மனை கட்டிக்கொண்டார். 1699இல் தம்பி மனைவி இறந்த பிறகு, தாயில்லாப் பிள்ளைகளுக்கு அத்தையின் துணை இருந்தது.

பலரும் எழுதாமல் விடுவது இதற்குப் பின் நடந்ததைத்தான். ஸ்பெயின் வாரிசுரிமைப் போரில் போர்ச்சுகல் இங்கிலாந்தின் பக்கம் சேர்ந்தது. 1704இல் பெத்ரோ போர்முனைக்குப் போனபோது ஆட்சிப் பொறுப்பு அக்காவிடம் வந்தது. 1705இல் பெத்ரோ நோயில் விழுந்தபோது மறுபடியும் அவரிடமே வந்தது. அந்த ஆண்டுப் போரில் ஸ்பெயின் எல்லையில் உள்ள வலென்சியா தெ அல்காந்தரா, அல்புகெர்கே ஆகிய கோட்டைகளை நேசப்படைகள் பிடித்தன. இங்கிலாந்தில் கணவர் உயிரோடிருந்த காலம் முழுவதும் யாரும் அவரிடம் அரசியல் யோசனை கேட்டதாகப் பெரிதாக எதுவும் இல்லை. 66 வயதில், போரில் இருந்த நாட்டை அவர் நடத்திக்காட்டினார். தாய் லூயிசாவின் மகள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதவியில் இருக்கும்போதே 1705 டிசம்பர் 31 அன்று பெம்போஸ்தாவில் இறந்தார்.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்கும் அவர் பெயர் என்பது மரபாகச் சொல்லப்படுவது. 1683இல் அந்த மாவட்டம் உருவானபோது ராணியாக இருந்தவர் அவர்தான். 1990களில் அங்கே ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு பிரம்மாண்டச் சிலை வைக்கச் சிற்பி ஆட்ரி ஃபிளாக்கைக் கொண்டு வேலை தொடங்கினார்கள். அடிமை வணிகத்தில் லாபம் பார்த்த இரண்டு அரச குடும்பங்களைச் சேர்ந்தவருக்கு ஏன் சிலை என்று எதிர்ப்பு வந்தது, திட்டம் நின்றது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. போர்ச்சுகலின் செல்வத்திலும், சார்லஸ் குடும்பம் பங்கு வைத்திருந்த ஆப்பிரிக்கக் கம்பெனியிலும் அடிமைகளின் ரத்தம் கலந்தே இருந்தது. கப்பலில் போன அந்தச் சர்க்கரையும் பிரேசில் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த பண்டம். ராணியின் துயரத்துக்காக மனம் இளகும்போது இதையும் மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

அந்தச் சிலையின் சிறிய வடிவம் இன்று லிஸ்பனில் இருக்கிறது. பெம்போஸ்தா அரண்மனையில் இப்போது ராணுவக் கல்விக்கழகம் நடக்கிறது. வாசலில் உள்ள சதுக்கத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் பாசோ த ராயிஞா. 'ராணியின் அரண்மனை' என்று பொருள்.